சவரக்கத்திக்கு நீர்க்கல்: 6000-க்கு மேல் எந்தக் கல் வாங்குவது?

பொன்னிக்கரை

வணக்கம். கத்தி ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்தது, அகலம் 5/8 அங்குலம், பாதிக் குழிவு (அலகின் இரு பக்கமும் உட்குழிவாக அரைத்தது). முதுகில் தேய்மானம் இரண்டு பக்கமும் ஒரே அகலம். வாயில் (வெட்டும் விளிம்பில்) உடைசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கையில் உள்ள கல் கிங் 1000/6000 இரட்டைக் கல் (ஒரு பக்கம் முரடு 1000, மறுபக்கம் நயம் 6000). 6000-இல் முடித்துத் தோல்வாரில் இழுத்தபின் கன்னத்தில் சரியாக மழிக்கிறது, மோவாயிலும் மேலுதட்டிலும் முடியை இழுக்கிறது.

அடுத்து 8000 வாங்குவதா, நேரே 12000-க்குப் போய்விடலாமா? பெல்ஜியம் கல், ஜப்பான் இயற்கைக் கல் என்று பலரும் சொல்கிறார்களே, அவை தேவையா? முதுகில் டேப் ஒட்டித் தீட்டுவது சரியா?

சாணைக்காரர்

கல் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கிங் 6000-இல் ஒழுங்காக முடித்த கத்தி மோவாயில் இழுக்காது. சற்று முரடாக இருக்கும், மழித்தபின் எரியும், அவ்வளவுதான். இழுக்கிறது என்றால் கோளாறு 1000-இல் இருக்கிறது. வாயின் இரண்டு பக்கமும் கல் பட்டு உண்டாகும் ஒடுக்கமான பட்டைகள் அடியிலிருந்து (கைப்பிடிப் பக்கம்) நுனிவரை ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். சந்திக்காத இடத்தை 8000-இல் தேய்த்தால் பளபளக்கும், வெட்டாது. பத்தில் எட்டுக் கத்திக்கு வைத்தியம் 1000 கல்தான் என்பேன்.

முதலில் மார்க்கர் பேனாவால் இரு பக்கப் பட்டையையும் முதுகையும் கறுப்பாக்குங்கள். 1000 கல்லில் அழுத்தமே இல்லாமல் இரண்டு இழுப்பு மட்டும். பிறகு 10 மடங்கு லூப்பில் (சிறு பூதக்கண்ணாடி) பாருங்கள். மை முழுவதும் போயிருந்தால் கல் வாயைத் தொடுகிறது. வாயோரம் மயிரிழை போல மை மிச்சமிருந்தால் கல் வாய்க்குப் பின்னால்தான் தேய்க்கிறது.

அடுத்தது வெளிச்சம். கத்தியின் வாயை மேலே நிமிர்த்தி, தலைக்கு மேல் உள்ள ஒற்றை விளக்கின் கீழ் மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். பதமான வாய் ஒளியைத் திருப்பாது. எங்கே வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னுகிறதோ அங்கே பட்டைகள் சந்திக்கவில்லை.

கடைசியாக முன்கை முடி. 1000 முடிந்த நிலையிலேயே, தோல்வாரில் போடாமல், தோலை ஒட்டி முடியை எடுக்க வேண்டும். அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு இடம் எடுக்கவில்லை என்றாலும் 6000-க்கு நகரக் கூடாது.

மைக்ரான்

சாணைக்காரர் சொன்னதை ஏற்கிறேன். கல்லின் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது அங்கேதான்.

ஜப்பானியத் தொழில் தரப் பட்டியலில் (1998) கல்லில் வெட்டும் துகளின் சராசரி அளவு: 1000-க்கு 11.5 மைக்ரான் (மைக்ரான் என்றால் மி.மீ-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு), 2000-க்கு 6.7, 3000-க்கு 4, 4000-க்கு 3, 6000-க்கு 2, 8000-க்கு 1.2. பட்டியல் அத்துடன் முடிகிறது. அதற்கு மேலே உள்ள எண்கள் அந்தந்தத் தயாரிப்பாளர் சொல்வது, ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஷாப்டன் கண்ணாடிக் கல்லில் 8000 என்பது 1.84 மைக்ரான், 16000 என்பது 0.92, 30000 என்பது 0.49. சுஎஹிரோ கோகுமியோ 20000 என்பது 0.5. ஆக, ஷாப்டன் 30000-உம் கோகுமியோ 20000-உம் துகள் அளவில் ஒன்றுதான்.

உங்கள் நிலைக்கு வருவோம். 1000-லிருந்து 6000 என்றால் 11.5-லிருந்து 2-க்கு ஒரே தாவல். 1000 போட்ட பள்ளத்தின் அடிவரை 6000 தேய்த்து எடுக்க வெகுநேரம் பிடிக்கும். பட்டை மேலாகப் பளபளத்தவுடன் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடுவோம், ஆழமான கீறல் வாய்வரை ஓடிக்கொண்டிருக்கும். லூப்பில் பாருங்கள், மின்னும் பட்டைக்குள் தனித்தனிக் கோடுகள் தெரிந்தால் அவை 1000-இன் கீறல்கள்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது 3000 அல்லது 4000. அது இருந்தால் உங்கள் 6000-உம் தன் வேலையைச் செய்யும்.

தோல்வார்_துரை

மைக்ரான் அண்ணே, 3000 வாங்குவது சரி. ஆனா 6000-இல நிறுத்திட்டா முகத்துக்குப் பத்தாது. கிங் 6000-க்கு அப்புறம் ஒரு 12000 வேணும். நானிவா சூப்பர் ஸ்டோன் 12000-ஐத்தான் சொல்வேன். ரெசின் பிணைப்புக் கல், தண்ணி தெளிச்சா போதும், ஊறப்போட வேண்டாம். வேகமா வெட்டாது, அதனால தப்பு நடந்தாலும் பெருசா நடக்காது.

அதுல கடைசிக் கட்டம் வரும்போது கத்தி கல்லோட ஒட்டிக்கிட்டு நகரும். பட்டையும் கல்லும் அவ்வளவு சமமாயிடுச்சு, நடுவுல இருக்கிற தண்ணி ரெண்டையும் பிடிச்சு இழுக்குதுன்னு அர்த்தம். அந்த ஒட்டல் அடியிலிருந்து நுனிவரைக்கும் ஒரே மாதிரி இருந்தா வேலை முடிஞ்சுது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கல் மிருது. திருப்பும்போது முதுகு கல்லை விட்டு எழும்பினா வாய் கல்லைக் கீறி உள்ளே இறங்கிடும். கல்லுல வெட்டு, கத்தியில மொக்கை, ரெண்டும் சேர்ந்து வரும். எப்பவும் முதுகை அச்சாக வெச்சுத் திருப்புங்க.

சாணைக்காரர்

12000 அவசியம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நார்ட்டன் 4000/8000 இரட்டைக் கல்லின் 8000 பக்கத்தில் முடித்து, துணியிலும் தோலிலும் வாரிட்டு மழிப்பவர்கள் நிறைய. 8000-இல் நன்றாக மழிக்கும் கத்தி 12000-இல் இன்னும் மென்மையாகும். 8000-இல் மழிக்காத கத்தி 12000-இல் மழிக்கப் போவதில்லை. வரிசை அதுதான். பணம் ஒரு கல்லுக்குத்தான் இருக்கிறது என்றால் 3000-ஐ வாங்கட்டும்.

தோல்வார்_துரை

ஒரு கல்லுக்குத்தான் பணம்னா 3000, சரி. ரெண்டாவது கல் எதுன்னா என் பதில் 12000, 8000 இல்ல. 6000-க்கும் 8000-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் முகத்துல தெரியிற அளவு பெருசு இல்ல.

சாணைக்காரர்

அதை ஏற்கிறேன். 6000 கையில் இருக்கும்போது 8000 வாங்குவது வீண்.

மட்டப்பலகை

யாரும் கல்லின் மட்டத்தைப் பற்றிப் பேசவில்லையே? கிங் 1000 மிருதுவான கல், சமையல் கத்தியும் அதிலேயே தீட்டினால் நடுவில் குழிந்துவிடும். காய்கறிக் கத்திக்கு அது பரவாயில்லை. சவரக்கத்தியோ முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படுத்துக் கிடக்க வேண்டிய கருவி. குழிந்த கல்லில் முதுகு ஒரு உயரத்திலும் வாய் ஒரு உயரத்திலும் நிற்கும், இழுப்பின் நடுவிலேயே கோணம் மாறும். பட்டை உருண்டுபோகும். அடுத்த கல் மட்டமாக இருந்தால் உருண்ட பட்டையின் முதுகுப்புறத்தைத்தான் தொடும், வாயைத் தொடாது.

புதுக் கல்லும் மட்டமாக வருவதில்லை. பெட்டியைப் பிரித்தவுடன் முதல் வேலை இதுதான்.

8 மி.மீ கண்ணாடித் துண்டு அல்லது கிரானைட் பலகை, அதன்மேல் தண்ணீரில் நனைத்த சிலிக்கான் கார்பைடு தாள். தண்ணீர்த்தாள் என்று பெயின்ட் கடையில் கேட்டால் தருவார்கள். 1000 கல்லுக்கு 220 தாள், 6000-க்கும் 12000-க்கும் 400 அல்லது 600. கல்லின் முகத்தில் பென்சிலால் 1 செ.மீ கட்டம் போடுங்கள். எட்டு வடிவில் தேயுங்கள். நான்கு மூலையிலும் கோடு போய் நடுவில் மிச்சமிருந்தால் கல் குழிந்திருக்கிறது. கடைசிக் கோடு மறைந்தபின் மறுபடி கட்டம் போட்டு ஐந்தாறு தேய்ப்பு. இப்போது எல்லாக் கோடும் ஒன்றாக மறைய வேண்டும்.

அட்டோமா 400 அல்லது டிஎம்டி 325 வைரத்தகடு இருந்தால் இதே வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். ஆனால் 220 போன்ற முரட்டுக் கல்லை வைரத்தகட்டில் தேய்க்காதீர்கள், பெரிய துகள்கள் உருண்டு வைரத்தைப் பெயர்த்துவிடும். புதுத் தகட்டை 12000-இல் முதலில் போடவும் கூடாது, தளர்ந்த வைரத் துகள் மிருதுவான கல்லில் புதைந்து கத்தியைக் கீறிக்கொண்டே இருக்கும். முதல் சில தடவை 1000-இல் பழக்குங்கள்.

மட்டம் பிடித்தபின் கல்லின் நான்கு விளிம்புகளையும் 45 பாகையில் 1 முதல் 2 மி.மீ மழுக்குங்கள். கூரான விளிம்பில் கத்தி வாய் இடித்தால் உடைசல் நிச்சயம். பிறகு குழாயடியில் நன்றாகக் கழுவுங்கள். 1000-இன் ஒரு துகள் 12000-இன் மேல் ஒட்டியிருந்தாலும் செய்த வேலை கெட்டது.

பொன்னிக்கரை

மார்க்கர் போட்டுப் பார்த்தேன். நடுவில் மை முழுவதும் போய்விட்டது. நுனியில் கிட்டத்தட்ட 1 செ.மீ நீளத்துக்கு வாயோரம் மை அப்படியே இருக்கிறது. அடியில் ஒரு பக்கம் மட்டும் 3 மி.மீ அளவுக்கு மிச்சம். கல்லில் பென்சில் கட்டம் போட்டதில் நடுவில் குழி.

சாணைக்காரர்

மோவாயிலும் மேலுதட்டிலும் நுனியைத்தானே பயன்படுத்துகிறீர்கள். இழுப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

கல்லை மட்டமாக்கியபின் மறுபடி மார்க்கர். அப்போதும் நுனியில் மை இருந்தால் கத்தியின் வாய் நேர்கோடாக இல்லை, லேசாக வளைந்து நுனியில் மேலேறுகிறது என்று பொருள். பழைய கத்திகளில் இது சகஜம். அதற்கு நேராக இழுக்காமல் குறுக்காக இழுக்க வேண்டும். கல்லின் மேல்முனையில் கத்தியின் அடிப்பாகத்தை வைத்துத் தொடங்குங்கள். கத்தி முன்னே நகர நகரக் கல்லின் குறுக்கேயும் நழுவி, கல் முடியும் இடத்தில் நுனி மட்டும் கல்மேல் இருக்க வேண்டும். அடி முன்னும் நுனி பின்னுமாக 30 பாகை சாய்த்துப் பிடியுங்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கில் வாலை (அலகுக்குப் பின்னால் விரல் பிடிக்கும் பகுதியை) இம்மியளவு தூக்கினால் நுனி கல்லைத் தொடும். இம்மி என்றால் இம்மிதான், அதிகமானால் நுனி மட்டும் தேய்ந்து கூர் போய்விடும். நுனிப் பக்கம் முதுகின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டால் எங்கே தொடுகிறது என்பது விரலுக்கே தெரியும்.

அடியில் ஒரு பக்கம் மட்டும் மை நிற்பதற்குக் காரணம் அநேகமாகத் தோள். அலகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் உள்ள தடித்த மேடு கல்லின் மேல் ஏறி, அடிப்பாகத்தைத் தூக்கிவிடுகிறது. அந்த மேடு கல்லின் விளிம்புக்கு வெளியே 2, 3 மி.மீ தள்ளியே இருக்க வேண்டும். 30 பாகைச் சாய்வு இதற்கும் உதவும். வாய் தன் அடி முனையில் தோளைத் தொடும் அளவு தேய்ந்திருந்தால் அந்த மூலையை வைரத்தகட்டில் வட்டமாக மழுக்கிவிடுங்கள். மழிப்பதற்கு அந்த மூலை வேண்டாம், காதோரம் கீறத்தான் அது பயன்படும்.

மைக்ரான்

அழுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லைச் சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் வைத்துப் பழகினால் கைக்கு அளவு பிடிபடும். 1000-இல் பட்டை போடும்போது 300 முதல் 500 கிராம். 3000-இல் தொடக்கத்தில் 200, முடிவில் 100. கடைசிக் கல்லின் கடைசி இழுப்புகளில் கத்தியின் சொந்த எடை மட்டும்.

குழிவு அரைத்த அலகு வாய்க்குப் பின்னால் மிக மெல்லியது. அழுத்தினால் அந்த மெல்லிய பகுதி வளைந்து வாய் மேலே எழும்பும், கல் பட்டையின் பின்பக்கத்தைத்தான் தேய்க்கும். கையை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். ஒவ்வொரு கல்லிலும் முதலில் போட்ட அழுத்தத்தைக் கடைசியில் கைவிட்டுவிட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கல் வேறொரு கோணத்தில் வேலை செய்யும்.

டேப் வேண்டாம்

டேப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. கத்தியின் கோணத்தைச் செய்தவனே முதுகின் தடிமனில் வைத்திருக்கிறான். வாயும் முதுகும் சேர்ந்தே தேய்வதால் கோணம் மாறாது. டேப் ஒட்டினால் வாய் மட்டும் தேயும், வருடங்கள் போகப் போகக் கோணம் அகன்றுகொண்டே வரும். மேலும் தீட்டும்போது டேப் கிழியும், பசை கல்லில் ஒட்டும்.

மைக்ரான்

அகலும், ஆனால் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதுகு கல்லைத் தொடும் இடத்திலிருந்து வாய்வரை 16 மி.மீ, முதுகுத் தடிமன் 4.6 மி.மீ என்று வையுங்கள். மொத்தக் கோணம் சுமார் 16.5 பாகை. மின்சாரக்காரர் டேப் ஒரு அடுக்கு 0.15 மி.மீ. இரு பக்கமும் சேர்த்து முதுகு 4.9 மி.மீ ஆகும், கோணம் சுமார் 17.6. ஒரு பாகை சொச்சம். முகத்துக்கு அது பெரிய விஷயமல்ல. வெர்னியர் வைத்து உங்கள் கத்தியை அளந்து பாருங்கள். 15-க்குக் கீழே வந்தால் டேப் கட்டாயம், அவ்வளவு ஒடுங்கிய வாய் உதிரும். 19-க்கு மேல் போனால் டேப் கூடாது.

முதுகில் தங்க வேலைப்பாடோ பொறிப்போ இருந்தாலும் டேப் ஒட்டுவதே சரி. ஒட்டினால் எல்லாக் கல்லிலும் ஒட்ட வேண்டும், அதே டேப், அதே ஒரு அடுக்கு. 1000-இல் தேய்ந்த டேப்போடு 12000-க்குப் போகாதீர்கள், கல் மாற்றும்போது புதிதாக ஒட்டுங்கள்.

ஆர்டென்

இயற்கைக் கல் பற்றிக் கேட்டிருந்தார்.

பெல்ஜியத்தின் கோட்டிக்யூல் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சாம் ஊரைச் சுற்றியுள்ள மெல்லிய மஞ்சள் அடுக்குகளிலிருந்து வருகிறது. வெட்டுவது அதிலுள்ள கார்னெட் மணிகள். நம் தென்கரையோர மணலில் கிடைக்கும் கார்னெட்டும் அதே கனிமக் குடும்பம்தான். கோட்டிக்யூலில் உள்ள மணிகள் 5 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும். எண்ணைப் பார்த்தால் முரடு. ஆனால் மணிகள் பல முகங்கள் கொண்ட உருண்டை வடிவம், விரிகோண முனைகள், அதனால் ஆழமாகக் கீறாது. அதே கல் வேகமாக வெட்டவும் செய்யும், மென்மையாக முடிக்கவும் செய்யும். ஸ்லரி எனும் கல்குழம்பைக் கொண்டு இரண்டையும் கட்டுப்படுத்த வேண்டும்.

சின்ன கோட்டிக்யூல் துண்டால் கல்லின் மேல் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால் போன்ற ஸ்லரி வரும். அதில் பட்டையைச் சரிசெய்யுங்கள். ஸ்லரியில் உருளும் மணிகள் வாயிலும் மோதுவதால் அந்தக் கட்டத்தில் வாய் ஒரு அளவுக்கு மேல் கூர்மையாகாது. 20 சுற்றுக்கு ஒருமுறை விரல்நுனியால் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்துகொண்டே போங்கள். கடைசியில் வெறும் தண்ணீர், 50 சுற்று, இறகு போல. எல்லாரும் தவறவிடுவது இந்த நீர்க்கும் கட்டத்தைத்தான். வேகமாக நீர்த்தால் ஸ்லரி மழுக்கிய வாயை வெறும் தண்ணீர் மீட்க முடியாது, அந்தக் கல் அப்போது அவ்வளவு மெதுவாகிவிடும்.

ஜப்பானின் கியோட்டோ மலைக் கற்களில் முறை வேறு. முடிக்கும் கல் கடினம், தானாகக் கரையாது. அதன்மேல் மிகாவா நகுரா எனும் சிறு கற்களைத் தேய்த்து ஸ்லரி எடுக்கிறார்கள்: போதான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று முரட்டிலிருந்து நயத்துக்கு. கடைசியில் அதே கல்லின் துண்டான தோமோ நகுரா. ஜெர்மனியின் துரிஞ்சியக் கல், எஷர் முத்திரையோடு வரும் பழையவை, முடிப்பதற்கு அருமை. பழங்கல்லாகத்தான் கிடைக்கும், விலை சொல்ல வேண்டாம். சீனா 12000 என்று விற்கும் கறுப்புக் கல்லில் அந்த எண் வெறும் பெயர், தரத்தைக் குறிக்காது. மிக மெதுவான கல், நூறு சுற்றுக்கும் மேல் பொறுமை வேண்டும்.

இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பட்டை போடக் கை பழகாதவர் இதை வாங்கினால் கோளாறு கல்லிலா கையிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அவர் இப்போது செயற்கைக் கல்லிலேயே இருக்கட்டும்.

பொன்னிக்கரை

கல்லை மட்டமாக்கிக் குறுக்கு இழுப்பில் போட்டதில் நுனியிலும் மை போகிறது, கைமுடியும் எடுக்கிறது. ஆனால் 6000-இல் லூப் வைத்துப் பார்த்தால் வாயில் பொடிப்பொடியான பற்கள் தெரிகின்றன. 1000-இல் அவை இல்லை.

சாணைக்காரர்

1000-இல் ஒரே பக்கமாக நிறைய வட்டம் போட்டீர்களா? அப்படியானால் மறுபக்கம் பிசிறு எழும்பியிருக்கும். அது 6000-இல் உடைந்து விழும்போது விழுந்த இடம் பல்லாகத் தெரியும். ஒரு பக்கம் 20 வட்டம், மறுபக்கம் 20, பிறகு 10, 5 என்று குறைத்து, கடைசியில் மாற்றி மாற்றி ஒவ்வொரு இழுப்பு. பிசிறு தங்காது.

இப்போது உள்ள பற்களுக்கு: கத்தியை நிமிர்த்தி, வாயைக் கல்லின் மழுக்கிய விளிம்பில் எடையே இல்லாமல் ஒரே ஒரு தடவை நீளவாக்கில் இழுங்கள். வாய் மழுங்கும், பயப்பட வேண்டாம். 1000-இல் குறைந்த அழுத்தத்தில் மாற்றி மாற்றி இழுத்தால் பட்டைகள் மறுபடி சந்தித்துவிடும்.

அதற்குப் பின்னும் அதே இடத்தில் பல் திரும்பத் திரும்ப வந்தால் துரு. பழைய கத்தியில் துரு உள்ளே குழியாகப் போயிருக்கும். நல்ல எஃகு வரும்வரை 1000-இல் தேய்த்துத்தான் ஆக வேண்டும். ஹார்டுவேர் கடை கார்போரண்டம் கல்லில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். அதன் கீறலை எடுக்கவே பாதி அலகு போய்விடும்.

தோல்வார்_துரை

முடிச்சதும் வார் மறக்காதீங்க. துணியில 20 சுற்று, தோலில 50. முதுகு முன்னால, வாய் பின்னால. வாரை இறுக்கிப் பிடிங்க, தொய்வு விட்டா தோல் வாயைச் சுற்றி வளைஞ்சு மழுக்கிடும். திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழும்பவே கூடாது. கல்லுல சரியா செய்து வாருல கெடுத்துட்டுக் கல்லைக் குறை சொல்றவங்கதான் அதிகம்.

மட்டப்பலகை

கல் பராமரிப்பு: கிங்கின் 1000 பக்கம் 10 நிமிடம் ஊறட்டும், குமிழி நின்றால் போதும். 6000 பக்கத்துக்குத் தெளித்தால் போதும். நானிவா 12000-ஐ ஊறவைத்தால் மேல்பரப்பு இளகும். நானிவா சோசெரா மாதிரி மக்னீசியாப் பிணைப்புக் கற்களைத் தண்ணீரிலேயே போட்டு வைத்தால் பிணைப்பே கரைந்து, காயும்போது வெடிக்கும். எந்தக் கல்லையும் வெயிலில் காயவைக்காதீர்கள். நிழலில், பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி. ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் 10 மி.மீ தடிமனுள்ள மெல்லிய கல் வில்லாக வளையும், அதனால் 20 மி.மீ தடிமனே வாங்குங்கள்.

கடலோர ஊர் என்றால் தீட்டிய கத்தியைத் துடைத்து, தோல்வாரில் நான்கு இழுத்து ஈரத்தை எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு வாயில் தடவி வையுங்கள். ஈரத்தோடு கைப்பிடிக்குள் மடக்கினால் ஒரே இரவில் வாயில் துரு ஏறும்.

பொன்னிக்கரை

3000-க்கு எந்தக் கல்?

மைக்ரான்

நானிவா சூப்பர் ஸ்டோன் 3000, அல்லது ஷாப்டன் கண்ணாடிக் கல் 4000. இரண்டுக்கும் தண்ணீர் தெளித்தால் போதும். ஷாப்டன் கடினம், மட்டம் சீக்கிரம் கெடாது, ஆனால் கண்ணாடிமேல் வெட்டும் பகுதி 5 மி.மீதான். நானிவா மிருது, கைக்கு இதம், அடிக்கடி மட்டம் பிடிக்க வேண்டும். உங்கள் கத்தியில் வாய் வளைந்திருப்பதால் நான் நானிவாவைச் சொல்வேன். மிருதுவான கல்லில் நுனி தொடுவதும் விடுவதும் கையில் தெளிவாகத் தெரியும்.